எண்ணெய் படாத இடம்

அவளுக்குத் துறுதுறு என்று பெயர் வைத்தவர் அவளுடைய தாய்மாமன். தவழுகிற வயதிலேயே ஓரிடத்தில் தங்க மாட்டாள். மடியில் வைத்தால் தோளுக்கு ஏறுவாள். தோளில் வைத்தால் மாமனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு முதுகு வழியாக இறங்கப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் பதிந்த பெயர் வேறு. அது அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது, சொந்தக்காரர்களில் பாதிப் பேர், "இது யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்கள்.

அம்மா சித்தாள் வேலைக்குப் போனவள். பெரியம்மாவும் சித்தாள்தான். சின்ன அத்தை மட்டும் தையல் கடைக்குப் போனாள். அதனால் அத்தை வகையறாவுக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. துறுதுறுவையும் தையலில் உட்கார்த்திப் பார்த்தார்கள். உட்கார்ந்தால்தானே தைப்பதற்கு? அம்மாவோடு கட்டட வேலைக்கே வந்து சேர்ந்தாள். அங்கேயும் கலவைச் சட்டியைத் தலையில் வைத்தால் பாதி வழியில் சிந்திவிட்டு வருவாள். மேஸ்திரி பார்த்தார், இவளைத் திட்டித் திட்டி என் தொண்டை போகிறது என்று சொல்லி, பலகைக்கு எண்ணெய் தடவும் வேலையைக் கொடுத்தார்.

கான்கிரீட் சுவர் எழுப்ப முதலில் பலகையால் பெட்டி அடிப்பார்கள். உள்ளே கம்பி கட்டி, கலவையை ஊற்றி, இறுகியதும் பலகையைப் பிரித்து எடுப்பார்கள். பலகையின் உள்முகத்தில் எண்ணெய் தடவியிருக்க வேண்டும். தடவிய இடம் வழுவழுப்பாக விட்டுக்கொடுக்கும். தடவ மறந்த இடத்தில் கான்கிரீட் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது சுவரின் தோலும் சேர்ந்து உரிந்து வரும். கை ஓயாத அந்த வேலை அவளுக்காகவே பிறந்ததுபோல் இருந்தது.

அப்போது ஊர் நடுவே ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பூச்சு கிடையாது, வர்ணம் கிடையாது. வரைபடம் போட்டவர், கான்கிரீட் எப்படி வருகிறதோ அப்படியே நிற்க வேண்டும், பலகையின் ரேகைகூடத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாய்ந்து நிற்கும் தூண்கள், படிப்படியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் தடுப்புகள், ஆள் நுழைகிற அளவுக்குச் சதுர ஓட்டைகள். போகிறவர் வருகிறவரெல்லாம், பாதியிலே விட்டுவிட்டார்களா என்று கேட்டார்கள். துறுதுறுவின் அம்மாவுக்கு அந்தக் கேள்வி வீட்டில் யாருக்கோ கல்யாணம் தட்டிப்போனதுபோல வலிக்கும். "முடிஞ்ச கட்டடம்தாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அதில் ஒரு சாய்வுத் தூணில் துறுதுறு ஒரு இடத்தை விட்டுவிட்டாள். பலகையைப் பிரித்தபோது கையகல இடத்தில் தோல் உரிந்து, உள்ளிருந்த மணலும் ஜல்லியும் பல்லைக் காட்டின. மேஸ்திரி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். ஒட்டுப் போட்டால் ஒட்டுத்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும், விட்டுவிடுங்கள் என்று இன்ஜினியர் சொல்ல, அது அப்படியே நின்றுவிட்டது. அவமானத்தில் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள். ஒரு சாயங்காலம் தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டாள். வெயில் சாய்ந்து விழுந்து, வழுவழுப்பான இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. உரிந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று ஆழமாகத் தெரிந்தது. வர்ணம் எதுவும் தொடாமல் கறுப்பும் வெள்ளையும் வந்திருக்கிறதே என்று நின்றாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

அந்தக் கட்டடத்திலேயே கம்பி கட்டிக்கொண்டிருந்தவரைத்தான் பின்னால் கட்டிக்கொண்டாள். இடி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று நிதானமாகத் திரும்பிப் பார்க்கிற ஆள். இவளை அவருக்கும் அவரை இவளுக்கும் எப்படிப் பிடித்தது என்பது இரண்டு வீட்டாருக்கும் விளங்கவே இல்லை. கம்பிக்காரருக்குத் தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது அவருடைய அக்கா. தம்பியோடு வீடும் வந்தது, வீட்டோடு நாத்தனாரும் வந்தாள். நாத்தனாருக்கு நாக்கு நீளம். கையும் நீளம்தான், துறுதுறுவுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாய்ப் பார்ப்பாள். ஆனால் பார்த்ததைச் சொல்லிக்காட்டாமல் இருக்க மாட்டாள்.

உடைந்த மேசை ஒன்றின் இழுப்பறைதான் துறுதுறுவின் முதல் அச்சு. வேலை முடிந்து மூட்டையில் ஒட்டியிருக்கும் சிமெண்டை உதறி எடுத்து வருவாள். இழுப்பறையின் அடியில் பலகைத் துண்டுகளை ஆணியடித்து வைப்பாள். சில இடத்தில் எண்ணெய் தடவுவாள், சில இடத்தை விட்டுவிடுவாள். கலவையை ஊற்றி, இறுகினதும் கவிழ்த்தால் ஒரு கல் வரும். பலகையில் மேடாக இருந்தது கல்லில் பள்ளமாக இருக்கும். இடம் வலமாகும், வலம் இடமாகும். எல்லாவற்றையும் தலைகீழாக நினைக்க வேண்டும். அவளுக்கு அது சுலபமாக வந்தது. படிகள், முக்கோணங்கள், சாய்ந்த பட்டைகள், சதுர ஓட்டைகள். அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்துத்தான் செய்தாள், ஆனால் கட்டடம் மாதிரி எதையும் செய்யவில்லை. அதன் சாய்வை எடுத்துக்கொண்டாள், ஓட்டையை எடுத்துக்கொண்டாள், நிழல் வெட்டுகிற கோட்டை எடுத்துக்கொண்டாள், கட்டடத்தை விட்டுவிட்டாள்.

சங்கடம் என்னவென்றால், இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கான்கிரீட் இறுகுவதற்கு அதற்கென்று ஒரு காலம் எடுத்துக்கொள்ளும். துறுதுறுவோ இழுப்பறையைச் சுற்றிச் சுற்றி வருவாள், தட்டிப் பார்ப்பாள், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பாள், பிறகு அரைவேக்காட்டில் கவிழ்த்துவிடுவாள். முக்காவாசிக் கற்கள் மூளி. காது போனது, மூலை போனது, நடுவில் பிளந்தது. தப்பிப் பிழைத்தவை கட்டிலுக்கு அடியில் போயின.

"மனுசன் படுக்கிற கட்டிலுக்குக் கீழ அஸ்திவாரம் போடுறா" என்று நாத்தனார் எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அதில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போட்டு, கால் தேய்க்கும் கல்லாக வைத்துக்கொண்டாள். எண்ணெய் படாத முக்கோணத்தில் குதிகாலைத் தேய்த்தால் வெடிப்பெல்லாம் போய்விடுகிறதாம். துறுதுறு கேட்டதற்கு, உன் கல்லுக்கு ஒரு பிரயோசனம் கண்டுபிடித்ததே நான்தான் என்றாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அதன் பிறகுதான் பேருந்து நிலைய வேலை வந்தது.

பேருந்து நிலையத்தின் முன்சுவரும் பூச்சில்லாத கான்கிரீட்தான். கட்டம் கட்டமாக ஊற்றிக்கொண்டே வந்தார்கள். வாசலை ஒட்டிய கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நல்ல பலகை தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது தேய்ந்த, நாரெடுத்த பலகைகள். அதில் ஊற்றினால் முகம் அசிங்கமாக வரும், பூசித்தான் ஆக வேண்டும் என்றார் மேஸ்திரி. இவர் பழைய மேஸ்திரியின் அக்கா மகன். குரலும் அதே குரல். ஒரு கட்டத்தைப் பூசினால் மொத்தச் சுவரையும் பூச வேண்டிவரும் என்று இன்ஜினியரம்மா கவலைப்பட்டார். எண்ணெய்ச் சட்டியோடு நின்றிருந்த துறுதுறுவுக்கு நாக்கு நிற்கவில்லை.

"அந்த ஒரு கட்டத்த எங்கிட்ட விடுங்க" என்றாள்.

மறுநாள் கம்பிக்காரர் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, சாக்கில் சுற்றி, தோளில் சுமந்து வந்து வைத்தார். அவராகச் செய்த காரியம், யாரும் கேட்கவில்லை. இன்ஜினியரம்மா குனிந்து, சொரசொரப்பையும் வழுவழுப்பையும் தடவிப் பார்த்தார். செய்து பார்க்கலாம் என்றார். சரியாக வராவிட்டால் மொத்தச் சுவருக்கும் பூச்சு, இதைப் பற்றி அப்புறம் பேச்சே கிடையாது என்றும் சொன்னார். மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என் பேரைக் கெடுத்துவிடாதே என்று சொல்லிவைத்தார்.

அவள் பெயர் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தெரியும். இத்தனை நாளும் கட்டிலுக்கடியில் கிடந்தது, போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க நிற்கப்போகிறது. இது போனால் கால் தேய்க்கும் கல்தான் மிச்சம்.

பலகைகளைத் தரையில் பரப்பி, சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். நடுவில் பெரிய முக்கோணம், ஒரு முனை வாசலைப் பார்த்துச் சாய்ந்தது. அது முழுக்க எண்ணெய் தடவி வழுவழுப்பாக வர வேண்டும். அதைச் சுற்றி ஏறுகிற படிகள், எண்ணெய் படாமல், சொரசொரப்பாக. ஓரங்களில் மறுபடி வழுவழுப்பு. ஓரத்தை முடித்துவிட்டு நடுவுக்கு வந்தாள். அப்போதுதான் வேலி வாசலிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியை எடுத்துவந்துவிட்டாயே, நான் தெருவில் நிற்கவா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். துறுதுறு ஓடினாள். சாவியைக் கொடுத்தாள். நாத்தனார் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவளா? எதிர்வீட்டுக்காரியின் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையையும் சொல்லி முடித்துத்தான் போனாள்.

திரும்பி வந்தால், பலகையைத் தூக்கி நிறுத்திக் கம்பிவலையை மூடி, முட்டுக் கொடுத்துவிட்டார்கள். கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நடு முக்கோணத்துக்கு எண்ணெய் தடவினோமா, இல்லையா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். தடவியதுபோலவும் இருந்தது, தடவப் போனதுபோலவும் இருந்தது. தச்சரைக் கேட்டாள். முட்டுப் பார்ப்பேனா, உன் எண்ணெயைப் பார்ப்பேனா என்றார் அவர். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள், ஒதுங்கி நின்றுகொண்டாள். கலவை பெட்டிக்குள் இறங்கியது.

அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டியில் எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று போய்ப் பார்த்தாள். அதற்குள் யாரோ இயந்திரத்துக்கு எடுத்து ஊற்றியிருந்தார்கள். தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். அது எப்போதும் எண்ணெய் நாறுகிற கைதான். வீட்டுக்கு வந்து நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க கூப்பிட்டப்ப என் கையில என்ன இருந்துச்சு?"

"பிரஷ் இருந்துச்சு."

"ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?"

"நான் என்ன பிரஷ்ஷ மோந்தா பாத்தேன்? சாவி வாங்க வந்தேன்டி."

உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்குப் போனாள். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கழுவினோமா என்று மறுபடி கழுவினாள். எண்ணெய் படாமல் போயிருந்தால் நடு முக்கோணமும் சுற்றியிருக்கிற படிகளும் ஒரே சொரசொரப்பாக, ஒரே கறுப்பாக, உருவமே இல்லாமல் வரும். பலகையைப் பிரிக்கும்போது பெரிய பாளமாகப் பெயர்ந்து வந்தாலும் வரும். கம்பிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"நீ நடக்கிறதால அது சீக்கிரம் இறுகப் போறதில்ல. உக்காரு."

"உக்காந்தா மட்டும் இறுகிடுமா?"

அதற்குப் பதில் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

வேலை நாட்களில் பலகைக்கு மேல் தண்ணீர் விடுவது அவள்தான். குழாயைப் பிடித்துக்கொண்டு பலகையின் இடுக்குகளில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. மேஸ்திரி தூரத்திலிருந்தே, கையை எடு என்பார். விடுமுறை நாள் முடிந்து வந்து பிரிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த விடுமுறை நாள்தான் அவளுக்கு எமனாக வந்தது.

மத்தியானம், கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அங்கே போனாள். காவலாளிக்கு அவளைத் தெரியும். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. ஆணி பிடுங்கியை எடுத்து, கீழ்மூலைப் பலகையின் ஆணிகளைத் தளர்த்தினாள். கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் நெம்பிப் பார்த்தால் உள்ளே தெரியாதா? நெம்பினாள். சடக்கென்று ஒரு சத்தம். பலகையோடு, இன்னும் முழுக்க இறுகாத சுவரின் மூலை ஒரு பிடி பெயர்ந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. நடு முக்கோணம் அங்கிருந்து எங்கேயோ இருந்தது. எதற்காக வந்தாளோ அது தெரியவில்லை. வந்ததற்கு ஒரு மூளி மட்டும் மிச்சம்.

பின்னால் செருப்புச் சத்தம். கம்பிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போகிறவள் பையை எடுக்காமல் போகிறாளே என்று யோசித்து, யோசித்து, அப்புறம் புறப்பட்டு வந்திருக்கிறார். கொஞ்சம் முன்னால் யோசித்திருந்தால் மூலை பிழைத்திருக்கும். குனிந்து பார்த்தார்.

"என் கம்பி தெரியுது" என்றார்.

இருவருமாகப் பலகையைப் பழையபடி வைத்து ஆணியடித்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் அழுதாள். அவர் அவளுடைய பக்கத்திலேயே நடந்து வந்தார்.

பிரிக்கிற நாளன்று நாத்தனாரும் வந்துவிட்டாள். தம்பி பெண்டாட்டியின் கூத்து எப்படி முடிகிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா? தச்சர் கீழ்மூலைப் பலகையைத்தான் முதலில் எடுத்தார். மேஸ்திரி மூளியைப் பார்த்தார், புதிதாய்ப் பெயர்ந்து கிடந்த கான்கிரீட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"யாரு கை வெச்சது?"

"நான்தான். கம்பிய கலவை சரியா மூடியிருக்கான்னு பாத்தேன்" என்றார் கம்பிக்காரர்.

"நீயா? நீ கை வெக்கணும்னா அடுத்த மாசம்தான் வெச்சிருப்ப."

நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். துறுதுறு மட்டும் சிரிக்கவில்லை. நான்தான் என்றாள். மேஸ்திரி, மேலே பிரி என்று தச்சருக்குக் கை காட்டினார்.

ஒவ்வொரு பலகையாக வந்தது. ஓரம் வழுவழுப்பாக வந்தது. படிகள் சொரசொரப்பாக, அவள் கோடு போட்ட இடத்தில் பிசகாமல் வந்தன. நடுவுக்குப் போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு, உடனே திறந்துவிட்டாள். மூடிக்கொண்டிருக்கிற பொறுமையும் இல்லை.

எண்ணெய் தடவவும் செய்திருந்தாள், தடவாமலும் விட்டிருந்தாள். முக்கோணத்தில் ஒரு பாதி வழுவழுவென்று இருந்தது. மறு பாதி தோலுரிந்து கிடந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சாய்ந்த கோடு. அவளுடைய பிரஷ் எங்கே நின்றதோ அங்கே நின்றிருந்தது. தடவினோமா, இல்லையா என்று இரண்டையே மாற்றி மாற்றி நினைத்து உயிரை விட்டவளுக்கு, பாதி தடவியிருப்போம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

இன்ஜினியரம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். பாதியில் நிற்கிறதே, இது வேண்டுமென்றே விட்டதா என்று கேட்டார். துறுதுறு வாயைத் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"வேணும்னுதாம்மா விட்டா. எத்தன நாள் யோசிச்சா தெரியுமா, சோறு தண்ணி இல்லாம."

கட்டிலுக்கடியில் அஸ்திவாரம் என்று எதிர்வீட்டில் சொல்லிக் கேலி செய்த அதே வாய். துறுதுறு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற பழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே.

"இல்லம்மா. பாதியில இவங்க சாவி கேட்டுக் கூப்பிட்டாங்க, போயிட்டேன். திரும்பி வந்தா மூடிட்டாங்க. சொல்லாம இருந்துட்டேன்."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஜினியரம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வெயில் சாயட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போய்விட்டார். அதைவிடக் கொடுமை துறுதுறுவுக்கு உண்டா? வேலி ஓரம் போனாள், வந்தாள், குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். நாத்தனாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உண்மை பேச வேறு நாள் கிடைக்கவில்லையா உனக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாய்ந்தது. படிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. முக்கோணத்தில் உரிந்த பாதி கறுத்து உள்ளே போனது. வழுவழுப்பான பாதி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு முன்னே வந்தது. தட்டையான சுவர்தான், ஆனால் ஒரு பெரிய தாளை மடித்து நிறுத்தியதுபோல, அதன் மடிப்பு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஊர் நடுவே நிற்கிற அந்தச் சாய்வுத் தூண் திரும்பி நடக்கத் தொடங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று துறுதுறுவுக்குப் பட்டது. இவளாக நினைத்துப் போட்டிருந்தால் இந்த மடிப்பு வந்திருக்காது என்பதும் பட்டது. அது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இன்ஜினியரம்மா வெளியே வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "பூச வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கம்பிக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று பிறகு சொன்னார்.

மூலையை மட்டும் விட முடியவில்லை. உள்ளே கம்பி தெரிகிறதே, மழை பட்டால் துருவேறும். மேஸ்திரி தன் கையாலேயே கலவை குழைத்து ஒட்டுப் போட்டார். என்னதான் தேய்த்தாலும் புதுக்கலவையின் நிறம் வேறாகத்தான் காய்ந்தது.

இப்போது பேருந்து நிலையத்துக்கு வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் நாத்தனார் வாசல் சுவருக்குக் கூட்டிப்போகிறாள். முக்கோணத்தின் நடுக்கோட்டில் விரலை வைத்து, "இந்த இடத்துலதான் நான் கூப்பிட்டேன்" என்று காட்டுகிறாள். சின்ன அத்தை வகையறாகூட வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. துறுதுறு அந்தப் பக்கம் போனால் முக்கோணத்தைப் பார்ப்பதில்லை. நேராக அவள் கண் கீழ்மூலையில் இருக்கும் ஒட்டுக்குத்தான் போகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் என்ன? வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையை இழுத்துப் போடுகிறாள்.

கல் கவிழ்க்கிற நாள்வரை இழுப்பறையின்மேல் கம்பிக்காரரின் இரும்புப் பெட்டி இருக்க வேண்டும், அதை எடுக்கிற உரிமை அவருக்குத்தான் என்று வீட்டில் ஓர் ஏற்பாடு. அவர் எழுந்து வந்து எடுப்பதற்குள் எந்தக் கான்கிரீட்டும் இறுகிவிடும். துறுதுறு பெட்டியைச் சுற்றி நடக்கிறாள். போன வாரம் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏன்டி, கூப்பிடட்டுமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா?"

"அண்ணி, பேசாம உள்ள போங்க."

"இல்ல, நல்லா வரணும்னா நான் கூப்பிடணும்ல."

துறுதுறு நிமிரவில்லை. பிரஷ் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. கை அரித்தது, கால் அரித்தது. எங்கே நிறுத்துவது என்று இந்த முறை அவளாகத்தான் சொல்ல வேண்டும்.